ஓசையில்லாத பேச்சு

1935-இல் இங்கிலாந்தில் ஒரு சிறுமி தற்கொலை செய்துகொண்டாள். தான் பருவமடைந்ததையே ஏதோ பொல்லாத நோய் என்று அஞ்சிவிட்டாள். கேட்டுத் தெளிய ஆளில்லை. அவளை அடக்கம் செய்வித்த பாதிரியார் சாட் வாரா அதை மறக்கவில்லை. 1953-இல் லண்டன் தேவாலயம் ஒன்றில் டெலிபோனுடன் உட்கார்ந்து, மனமுடைந்தவர்கள் தம்மிடம் பேசலாம் என்று அறிவித்தார்.

ஆனால், பேசினால் அடுத்த அறைக்குக் கேட்குமே! இளம் பிள்ளைகளுக்கு அந்தப் பயமே பெரிது. 2013-இல் அமெரிக்காவில் நான்ஸி லப்ளின் 'கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன்' என்பதைத் தொடங்கினார். கைப்பேசியில் எழுதி அனுப்பினால், பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் எழுத்திலேயே பதில் சொல்லுவார்.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் வியப்பில்லை. நாக்கு கூசுகிற விஷயத்தையும் கை எழுதிவிடும். அந்தச் சிறுமிக்கு வேண்டியிருந்த பதிலும் ஒரே வரிதான்: 'பயப்படாதே அம்மா, இது நோயில்லை.'