ஒருமைக்கண் பன்மை: மூவிடப்பெயர் வழக்கின் வரலாறு

ஒருவரைப் பன்மைப் பெயராற் சுட்டலாமா என்னும் வினா ஆங்கிலப் பேச்சுவழக்குப் பற்றிய விவாதங்களுள் இன்று முதன்மை பெற்றுள்ளது. பால் தெரியாதவிடத்தும் தெரிவிக்க விரும்பாதவிடத்தும் 'தே' என்னும் பன்மைப்பெயரை ஒருவர்க்கு வழங்குவது பிழை என்பர் ஒருசாரார். 14ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் மரபு அது என்பர் மற்றொரு சாரார். இவ்வினாவைத் தமிழிலக்கணம் பண்டே எதிர்கொண்டது. அது கண்ட விடை ஈண்டு ஆராயப்படுகின்றது.

ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கில் தோன்றிய உயர்த்துச்சொல்லேயன்றி இலக்கண நெறியன்று என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் கருத்து. வழக்கு மறுக்கப்படவில்லை, விதியினின்று வேறாகப் பதிவு செய்யப்பட்டது. பிற்காலத்து நன்னூல், உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களாற் பாலும் திணையும் மயங்குதலை இயல்பெனக் கொண்டது. ஒருமைக்கண் பன்மை வருதலையும் ஏற்றது. தொல்காப்பியத்தில் இடம்பெறாத 'நான்' என்னும் தன்மைப்பெயரும் நன்னூலில் இடம்பெற்றது.

வழக்கு மேலும் வளர்ந்தது. பன்மையாகிய 'நீர்' ஒருவர்க்குரிய மதிப்புச்சொல்லாயிற்று. பின்னர் அவ்விடத்தை 'நீங்கள்' பெற்றது. 'அவர்' ஒருவரைக் குறிக்கவே, பலரைக் குறிக்க 'அவர்கள்' வேண்டியதாயிற்று. இன்றைய பேச்சில் 'அவரு' பெரும்பாலும் ஆணைச் சுட்ட, 'அவங்க' பலரையும் மதிப்பிற்குரிய ஒருவரையும் சுட்டுகின்றது.

ஆங்கிலத்தின் வரலாறும் இதனையே காட்டும். 'தௌ' ஒருமை, 'யூ' பன்மை என்றிருந்த நிலை மாறி, 'யூ' ஒருவர்க்கும் வழங்கலாயிற்று. இதனைப் பிழையென மறுத்த குவேக்கர்களுள் ஜார்ஜ் ஃபாக்ஸ் முதலிய மூவர், பல மொழிகளைச் சான்றுகாட்டி 1660இல் நூலொன்று வெளியிட்டனர். எனினும் வழக்கே வென்றது. சட்டமொழியோ வேறு வழியை நாடியது. ஆண்பாற் பெயராகிய 'ஹீ' இருபாலாரையும் குறிக்கும் என 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் விதித்தது. அதனிடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா திருநரையும் அச்சொல்லுள் அடக்கியது.

ஆங்கிலமும் இந்திய மொழிகள் பலவும் அன்றாடம் கலந்து வழங்கும் புணே நகரின் ஹடப்சர் போன்ற பகுதிகளில் இவ்வேறுபாடுகள் அருகருகே நிற்கின்றன. ஆங்கில 'யூ' அனைவர்க்கும் பொது. மராத்தியோ 'தூ', 'தும்ஹீ' எனப் பகுக்கும். அம்மொழியின் 'ஆபண்', கேட்போரை உளப்படுத்தும் தன்மைப் பன்மையாகவும், மதிப்புமிகு முன்னிலையாகவும் வரும். உளப்படுத்தாப் பன்மைக்கு 'ஆம்ஹீ' உண்டு. தமிழின் 'நாம்', 'நாங்கள்' என்னும் பகுப்பை இஃது ஒத்தது; திராவிட மொழித்தொடர்பின் விளைவு என்பது மொழியியலார் பலர் கருத்து.

மதிப்புப் பன்மை எல்லார்க்கும் ஒப்ப வழங்கப்படவில்லை என்பதும் கருதத்தக்கது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சார்ந்த முதியவரை நிலவுடைமையாளரின் இளமகன் 'நீ' என விளிப்பதும், முதியவர் அவனைப் பன்மையால் விளிப்பதும் தமிழகச் சிற்றூர்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். அவ்விடத்து 'நீ' என்பது எண்ணளவிற் பிழையற்றது; மாந்த மதிப்பளவில் குறையுடையது.

எனவே மூவிடப்பெயரின் செம்மையை எண்ணும் பாலும் மட்டும் கொண்டு அளத்தல் போதாது. வழுவமைதி என்னும் கோட்பாட்டால் தமிழிலக்கணிகள் விதியையும் வழக்கையும் ஒருங்கே காத்தனர். சுட்டப்படுவோர் மதிப்புப் பெறுகின்றனரா என்பதையும் உடன்வைத்து நோக்கும் அந்நெறி, இன்றைய ஆங்கில விவாதத்திற்கும் பொருந்துவதாகும்.