ஹுபேரெத்தேஸ்: தண்டு வலித்த சேவகன்

நியாயாதிபதி உன்னைச் சேவகனிடம் ஒப்புக்கொடுப்பான் என்று மத்தேயு 5:25 எச்சரிக்கிறது. அந்தச் சேவகனைப் பார்க்கக் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போனால் போதும். நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் பிஸ்கால் உத்தியோகத்தரின் வேலைதான் அவனுடையதும்.

கிரேக்க மூலத்தில் அவன் 'ஹுபேரெத்தேஸ்'. 'ஹுபோ' என்றால் கீழே, 'எரெத்தேஸ்' என்றால் தண்டு வலிப்பவன். ஆகவே மூன்றடுக்குக் கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்து துடுப்புப் போட்ட அடிமை என்று பிரசங்கிமார் உருக்கமாக விளக்குவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏதென்ஸின் கப்பல்களில் தண்டு வலித்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கிய சுதந்திரர். கீழ்த்தட்டில் இருந்தவர்களுக்கோ 'தலமித்தேஸ்' என்று வேறு பெயர். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே 'ஹுபேரெத்தேஸ்' என்ற சொல்லில் கடல்வாடை போய்விட்டது. கட்டளைக்குக் காத்திருக்கும் உதவியாள் என்பதே அன்றைய பொருள். கிரேக்க நாடகத்தில் ஹெர்மெஸ் தேவனையே தேவர்களின் ஹுபேரெத்தேஸ் என்கிறார்கள்.

தமிழ் வேதாகமம் ஆளுக்கேற்ப மொழிபெயர்த்தது. நீதிமன்றத்தில் சேவகன், லூக்கா 4:20இல், ஜெபஆலயத்தில் புத்தகச் சுருளைத் திரும்ப வாங்கும்போது பணிவிடைக்காரன், 1 கொரிந்தியர் 4:1இல் பவுல் தன்னைச் சொல்லும்போது ஊழியக்காரன். மூன்றும் ஒரே சொல் என்பது தமிழில் படிக்கிறவருக்குத் தெரியவராது.