எண்ணிக்கையில் மீட்சி, மரபில் நலிவு: மொரிசியஸ் இளஞ்சிவப்புப் புறாவின் பாதுகாப்பு வரலாறு

முன்னுரை

மொரிசியஸ், ரீயூனியன், ரோட்ரிகஸ் ஆகிய மஸ்கரீன் தீவுகளுக்கே உரிய புறாவினங்களில் இன்று உயிரோடிருப்பது இளஞ்சிவப்புப் புறா ஒன்றே. புறாக் குடும்பத்தைச் சேர்ந்த டோடோ 17-ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோனது. மொரிசியஸ் நீலப் புறா 1830-களில் மறைந்தது. 1990-இல் காட்டில் ஏறக்குறைய பத்துப் பறவைகளாகச் சுருங்கிய இளஞ்சிவப்புப் புறா, இன்று சில நூறாகப் பெருகியிருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய இனம்' என்று இருந்தது, 2000-இல் 'அருகிய இனம்' எனவும் 2018-இல் 'அழிவாய்ப்பு இனம்' எனவும் மாற்றப்பட்டது. அரிய உழைப்பால் கிடைத்த உண்மையான முன்னேற்றம் இது. ஆயினும் பட்டியலில் காணும் ஏற்றம் எண்ணிக்கையின் மீட்சியையே குறிக்கிறது. இனத்தின் மரபுவளம் மீளவில்லை. அந்த இடைவெளியை வரலாற்று வழியில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காடு சுருங்கிய வரலாறு

டச்சுக்காரர்கள் 1638-இல் மொரிசியஸில் குடியேறிக் கருங்காலி மரங்களை வெட்டத் தொடங்கினர். அடுத்து வந்த பிரெஞ்சு, பிரிட்டிஷ் ஆட்சிகளில் கரும்பு வயல்கள் தாழ்நிலக் காடுகளை விழுங்கின. பிற்காலத்தில் தேயிலையும் பைன் மரங்களும் மேட்டு நிலத்துக்கும் ஏறின. சிதையாத இயற்கைக் காடு இன்று தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. தளிர், பூ, காய், விதை ஆகியவற்றை உண்டு வாழும் இப்புறா, தென்மேற்கு மேட்டுக் காடுகளில் ஒதுங்கியது.

எஞ்சிய காடும் பழைய காடாக இல்லை. சீனக் கொய்யாவும், இலங்கையைத் தாயகமாகக் கொண்ட லிகஸ்ட்ரம் என்னும் புதர்ச்செடியும் அடர்ந்து பரவி, நாட்டு மரங்களின் கன்றுகள் எழ இடமில்லாமல் செய்தன. மனிதரோடு வந்த எலி, பூனை, நீள்வால் குரங்கு, 1900-ஆம் ஆண்டளவில் கொண்டுவரப்பட்ட இந்தியக் கீரி ஆகியவை முட்டைகளையும் குஞ்சுகளையும் சில வேளை தாய்ப்பறவைகளையும் கொன்றன. தரையில் வேட்டையாடும் பாலூட்டிகளே இல்லாத தீவில் உருவான இனம் இது. சுள்ளிகளை மேலோட்டமாக அடுக்கிய அதன் கூட்டுக்கு இவற்றிடமிருந்து தற்காப்பு ஏதும் இல்லை.

புயல்கள் இந்தச் சரிவை விரைவுபடுத்தின. சூறாவளி இலையையும் காயையும் உதிர்த்துவிட்டால், காற்றில் பிழைத்த பறவையும் பின்வரும் வாரங்களில் பட்டினியால் மடியும். 1960-இல் கரோல், 1975-இல் ஜெர்வேஸ் ஆகிய புயல்கள் தாக்கின. பரந்த காட்டில் இத்தகைய இழப்பு சில ஆண்டுகளில் ஈடாகும். துண்டுக் காட்டில் ஈடாவதில்லை.

கடைசிப் புகலிடம்

1970-களில் இப்புறா கூடுகட்டியது பெரும்பாலும் ஒரே ஒரு தோப்பில்தான். பிஜன் வுட் எனப்படும் அத்தோப்பில் இருந்தவை ஜப்பானிலிருந்து கொண்டுவந்து நட்ட கிரிப்டோமேரியா மரங்கள். அவற்றின் முள்போன்ற அடர்ந்த இலைகள் குரங்கையும் எலியையும் ஓரளவு தடுத்தன. தன் சொந்த மரங்களில் பிழைக்க முடியாத பறவை அயல்நாட்டு மரத்தில் அடைக்கலம் தேடியது என்பது அக்காடு எவ்வளவு சீர்குலைந்திருந்தது என்பதற்குச் சான்று.

மீட்புப் பணி

1976-இல், ஜெர்சி விலங்குக்காட்சிச் சாலையின் நிறுவனர் ஜெரால்ட் டரல் மொரிசியஸ் சென்றார். அதையொட்டித் தீவின் பிளாக் ரிவர் பறவைக்கூடத்திலும் ஜெர்சியிலும் வளர்ப்பு இனப்பெருக்கம் தொடங்கியது. 1979-இல் வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ் அப்பணியைப் பல பத்தாண்டுகள் முன்னின்று நடத்தினார். பெற்றோர் கைவிட்ட முட்டைகளை வீட்டுவளர்ப்புப் புறாக்களின் அடியில் வைத்து அடைகாக்கச் செய்தார்கள். 1987-இல் பிரிஸ் ஃபேர் காட்டில் பறவைகள் விடுவிக்கப்பட்டன. 1994-இல் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா உருவானது. அதே ஆண்டு, மாஹேபூர் கரைக்கு அப்பால் 26 ஹெக்டேர் பரப்புள்ள ஈல் ஓ செக்ரெட் தீவிலும் புறாக்கள் குடியேற்றப்பட்டன. எலி, பூனை, கீரி ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதும் கோதுமையும் உடைத்த மக்காச்சோளமும் தீனியாக வைப்பதும் அன்றாடப் பணிகளாயின. மொரிசியஸ் வனவிலங்கு அறக்கட்டளையும் அரசின் தேசியப் பூங்காத் துறையும் இவற்றைத் தொடர்ந்து நடத்திவருகின்றன. 2000-ஆம் ஆண்டளவில் காட்டுப் பறவைகள் 300-ஐத் தாண்டின.

தீனியும் நோயும்

டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி புறாவின் தொண்டையில் தங்கி நோய் உண்டாக்குகிறது. புறாக்கள் தொண்டைப் பையில் சுரக்கும் பாலைக் குஞ்சின் வாயில் ஊட்டுபவை. ஆகவே நோய் முதல் ஊட்டலிலேயே குஞ்சுக்குச் சென்றுவிடுகிறது. வெளியிலிருந்து வந்த புள்ளிப் புறா முதலியவை நோய்க்கிருமியைத் தாங்கியபடி அதே தீனிப்பெட்டியில் உண்ண வருகின்றன. பறவையைப் பட்டினியிலிருந்து காக்கும் தீனியே நோய் பரவும் இடமாகவும் ஆகிறது. அதனால் பிற பறவைகள் நுழைய முடியாத தீனிப்பெட்டிகளும் நீர்த்தொட்டிகளின் தூய்மையும் இன்றியமையாதவை ஆயின.

மரபு இழப்பு

இன்றுள்ள பறவைகள் யாவும் மிகச் சில மூதாதையரின் வழித்தோன்றல்கள். நெருங்கிய உறவுக்குள் இணை சேரும்போது, பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை குஞ்சில் ஒன்றுசேர்ந்து வெளிப்படும். முட்டை பொரிக்கும் திறனும் குஞ்சு பிழைக்கும் வாய்ப்பும் குறைகின்றன. 2022-இல் கன்சர்வேஷன் பயாலஜி இதழில் வெளிவந்த மரபணு ஆய்வு, எண்ணிக்கை கூடிய ஆண்டுகளிலும் மரபுப் பல்வகைமை தேய்ந்துகொண்டே சென்றதை நிறுவியது. காட்டில் மறைந்துபோன மரபுக்கூறுகள் சில, ஐரோப்பிய விலங்குக்காட்சிச் சாலைகளில் வளரும் புறாக்களிடம் எஞ்சியுள்ளன. அவற்றின் வழிவந்த பறவைகளைக் காட்டில் கலக்காவிட்டால் 50 முதல் 100 ஆண்டுகளுக்குள் இவ்வினம் அழியக்கூடும் என்பது அவ்வாய்வின் கணிப்பு.

எண்ணிக்கை கூடியும் மரபுவளம் தேய்வதன் காரணம் எளியது. கூட்டம் சுருங்கும்போது மரபு இழப்பு உடனே முழுமையாக வெளிப்படுவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. எண்ணிக்கையைப் பத்தாண்டில் பெருக்கலாம். இழந்த மரபுக்கூறைப் புதிய மரபுமாற்றங்கள் ஈடுசெய்ய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

முடிவுரை

சிவப்புப் பட்டியல் ஓர் இனம் விரைவில் அழியும் வாய்ப்பை அளக்கிறது. அதன் அளவுகோல்கள் எண்ணிக்கை, பரப்பு, குறையும் வேகம் ஆகியவற்றைச் சார்ந்தவை. 2018-இல் தரப்பட்ட நிலை அந்த அளவுகோலின்படி சரியானதே. ஆனால் தீனியும் எலிக் கட்டுப்பாடும் நின்றால் சரியக்கூடிய ஓர் இனம் தன் காலில் நிற்கிறது என்று கொள்ள முடியாது. ஓர் இனம் பாதுகாப்புப் பணியை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதை அளக்க, அதே ஒன்றியம் 2021-இல் 'பசுமை நிலை' என்னும் மதிப்பீட்டை வகுத்தது. இவ்விரண்டோடு மரபுவள அளவீட்டையும் சேர்த்து வாசிப்பதே முழுமையான மதிப்பீடாகும்.

நிலை உயர்ந்ததைக் காரணம் காட்டி நிதியையும் ஆளையும் குறைப்பது, கார்ல் ஜோன்ஸ் தலைமுறையின் உழைப்பை வீணாக்கும். விலங்குக்காட்சிச் சாலைப் பறவைகளின் மரபுக்கூறுகளைக் காட்டுக்குக் கொண்டுவருவதும், அயற்செடிகளைக் களைந்து நாட்டுக் காட்டை மீட்டெடுப்பதும் ஒருசேர நடக்க வேண்டும். தீனிப்பெட்டி இல்லாமல் இப்புறா குஞ்சு வளர்க்கும் நாளில்தான் அதன் மீட்சி நிறைவடைந்தது எனலாம்.