மூன்று படிகள், இரண்டு எல்லைகள்

புதுச்சேரிப் பிரதேசத்தின் திருவாண்டார்கோயிலில் சரக்கேற்றிய லாரி கிழக்கே புதுச்சேரி நகருக்குப் போனாலும் வழியில் கண்டமங்கலம் வரும், அது தமிழ்நாடு. மேற்கே விழுப்புரத்துக்குத் திரும்பினால் மதகடிப்பட்டைத் தாண்டியதும் மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன துண்டு துண்டான நிலம் இது. 1954இல் கொடி இறங்கியது, கோடுகள் அப்படியே நின்றன. அதனால் இந்தச் சாலையோர ஆலைகளில் லாரி வாசலைத் தாண்டுமுன் டிரைவர் கையில் தாள் இருந்தாக வேண்டியிருந்தது.

ஒரு தாள் போதவில்லை, மூன்று வேண்டியிருந்தது. வாங்குபவருக்கு அசல், லாரிக்கு இரண்டாம் படி, ஆலைக்கு மூன்றாம் படி என்று 2002ஆம் ஆண்டின் மத்திய கலால் விதிகள் பிரித்துச் சொல்லின. மூன்றையும் ஒரே அடியில் தருவது, கார்பன் வைத்த தாளை ஊசியால் அடித்து எழுதும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். லேசரால் அது ஆகாது. தலைமை அலுவலகம் வெளியூரில் உள்ள ஆலைகளில் கணக்கு ஓடும் சர்வரும் அங்கேயே இருக்கும். அச்சு மட்டும் இங்கே, வாசலில் விழ வேண்டும்.

இப்படித் தொலைவிலிருந்து அச்சிடத் தொடக்கத்தில் அருமையான வழி இருந்தது. 1983இல் டெக் நிறுவனம் கொண்டுவந்த விடி220 முனையத்தில் பிரிண்டருக்கென்றே ஓர் இணைப்பு உண்டு. தொலைவிலுள்ள கணினி எஸ்கேப் குறியோடு 5 என்ற எண்ணை அனுப்பினால் அடுத்து வருவதெல்லாம் பிரிண்டருக்குப் போகும். 4 வந்தால் திரைக்குத் திரும்பும். டிரைவர் மென்பொருள் வேண்டாம், பிரிண்டருக்குப் பெயரும் வேண்டாம். 1980களின் நடுவில் டில்லியில் தொடங்கிச் சென்னைக்கும் வந்த ரயில் முன்பதிவிலும் இதே வேலைப் பிரிவினைதான்: இருக்கையை ஒதுக்குவது மையக் கணினி, டிக்கெட் விழுவது கவுண்டர்காரரின் கைக்கருகே.

விண்டோஸ் காலத்தில் எளிமை போனது.

விண்டோஸ் 2000 சர்வர், தொலைவிலிருந்து நுழைபவரின் சொந்த பிரிண்டரைத் தானே கண்டுபிடித்துக் காட்டியது. ஆனால் அந்த பிரிண்டருக்கான டிரைவர் மென்பொருள் சர்வரிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிண்டர் பட்டியலிலேயே வராது. வந்தாலும் பெயரின் வாலில் ‘செஷன் 3’ என்பதுபோல் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் நுழைந்தால் எண் மாறியிருக்கும். பிரிண்டர் பெயரை மனப்பாடம் செய்துவைத்த பில்லிங் மென்பொருள் நேற்றைய பெயரைத் தேடித் தோற்கும். வெளியே லாரி எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கும்.

2008இல் வந்த ‘ஈஸி பிரிண்ட்’ வசதி, டிரைவர் தொல்லையைப் பெரும்பாலும் தீர்த்தது. பக்கத்தை ஒரு பொது வடிவில் அனுப்பிவிட்டு, அச்சிடும் பொறுப்பை இந்தப் பக்கத்துக் கணினியிடம் விட்டது. ஆனால் ஊசி பிரிண்டருக்கு அது பெரிய உதவியில்லை: எழுத்தாக அடித்தால் சட்டென்று முடியும் பில், படமாகப் போய் வரி வரியாக ஊர்ந்தது. அனுபவப்பட்ட தொழில்நுட்பர்கள் சர்வரில் ஈஸி பிரிண்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, வெறும் எழுத்தை மட்டும் அனுப்பும் ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரைப் போட்டார்கள். ஏறத்தாழ விடி220 செய்த வேலையே அது.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. சரக்கு பில்லின் படிகள் அதன் விதியில் பெறுபவருக்கு, கொண்டுசெல்பவருக்கு, அனுப்புபவருக்கு. அப்போதும் மூன்றுதான்.