ரேடியோகிராம் சீரமைப்பு

ரேடியோகிராம்: வால்வு வானொலியும் இசைத்தட்டு இயக்கியும் ஒரே மரப்பெட்டிக்குள் அமைந்து, ஆம்ப்ளிஃபையரையும் ஒலிபெருக்கியையும் பொதுவாகக் கொண்ட கருவி. 1920களின் பிற்பகுதியில் மேலைநாடுகளில் தோன்றியது. தமிழ்நாட்டில் வசதி படைத்தோர் வீட்டுக் கூடங்களில் 1970கள் வரை வீற்றிருந்தது. பழுதான செட்டை மீண்டும் பாடவைக்கும் வேலையே இங்குச் சீரமைப்பு எனப்படுகிறது.

வரலாறு

எடிசன் 1877இல் உருளையிலும், பெர்லினர் 1887இல் தட்டிலும் ஒலியைப் பதித்தனர். 1902இல் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் இந்தியப் பாடகர்களைப் பதிவு செய்தார். கிராமபோன் கம்பெனி 1908இல் அந்நகரின் சியால்தாவிலும் 1928இல் டம்டமிலும் தொழிற்சாலை அமைத்தது. வானொலியைப் பொறுத்தவரை, சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று அதன் ஒலிபரப்பு ஆரம்பமானது. பணமுடையால் கிளப் 1927இல் நின்றுபோக, அதன் கருவியைப் பெற்ற மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் திறக்கப்பட்டன.

கிராமபோன், வானொலி ஆகிய இவ்விரு கருவிகளையும் இணைத்தது 1925இல் வந்த மின்சாரப் பதிவு முறை. முள்ளின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் பிறக்கும் சிறு மின்னலையை வானொலியின் ஆம்ப்ளிஃபையரே பெருக்கிவிடுவதால், பழைய கிராமபோனின் ஒலிக்குழாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று.

வகைப்பாடு

மர வேலைப்பாட்டையோ கம்பெனிப் பெயரையோ கொண்டு வகைப்படுத்துவது கடைக்காரர் வழக்கம். மெக்கானிக்குக்கு வால்வின் மீதுள்ள எழுத்தே போதும். ஐரோப்பியக் குறிமுறையில் முதலெழுத்து சூடேற்றும் இழையின் மின்தேவையைச் சொல்லும்: டி என்றால் 1.4 வோல்ட், பேட்டரி செட்; ஈ என்றால் 6.3 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஏ.சி. செட்; யு என்றால் 100 மில்லியாம்பியர், இழைகளைத் தொடராகக் கோத்த ஏ.சி./டி.சி. செட். அடுத்த எழுத்துகள் வேலையைக் குறிக்கும். சி ட்ரையோடு, எஃப் பென்டோடு, எல் ஒலிபெருக்கியை இயக்கும் வால்வு, எம் நிலையம் சரியாகப் பிடிபட்டதைக் காட்டும் பச்சைக் கண். ஆகவே ஈ.எல்.84, யு.எல்.84 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகக் கூடாது.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத யு வகையில் சேஸிஸே மின்கம்பியோடு நேராக இணைந்திருக்கும்; பிளக்கை மாற்றிச் செருகினால் தொடுபவருக்கு அதிர்ச்சி நிச்சயம். இசைத்தட்டு இயக்கிகளின் இண்டக்‌ஷன் மோட்டார் டி.சி.யில் ஓடாது என்பதால் ரேடியோகிராம்களில் பெரும்பாலானவை ஈ வகையே.

சீரமைப்பு முறை

பல ஆண்டு உறங்கிய செட்டை நேராக 230 வோல்ட்டில் செருகுவது அதைக் கொல்வதற்குச் சமம். முதலில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து மின்சாரம் கொடுப்பர். பல்பு முழு ஒளியில் எரிந்தபடியே இருந்தால் உள்ளே ஷார்ட். இணைப்பைத் துண்டித்த பின்னும் பெரிய கண்டன்சர்களில் மின்னேற்றம் தங்கும்; அதை வடித்த பிறகே கை வைக்க வேண்டும்.

அடிக்கடி கெடுவது மெழுகுக் காகிதக் கண்டன்சர். அது கசிந்தால் ஈ.எல்.84இன் கிரிட்டுக்கு நேர்மின்னழுத்தம் ஏறி, வால்வு சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். ஆகவே எல்லாக் காகிதக் கண்டன்சர்களையும் மாற்றிவிட வேண்டும். உட்பாகங்கள் அசலாகவே இருக்க வேண்டும் என்பது சேகரிப்பாளர்களின் வீண்பிடிவாதம். வற்றிப்போன எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் ‘ம்ம்’ என்ற இரைச்சலைத் தரும்.

சென்னைக் கடற்காற்றின் முதல் பலி கிரிஸ்டல் பிக்கப். அதிலுள்ள ரோஷெல் உப்பு ஈரத்தில் கரைந்துவிடும். செராமிக் பிக்கப்பே மாற்று. டர்ன்டேபிளைச் சுழற்றும் ரப்பர்ச் சக்கரம் இறுகித் தட்டையானால் வேகம் தள்ளாடும். 78 சுழற்சித் தட்டுக்கு முள்முனை ஆரம் சுமார் 76 மைக்ரான், எல்.பி.க்கு 25. எல்.பி. முள் 78இல் பள்ளத்தின் அடியைச் சுரண்டி அழுக்கைத்தான் பாடும்.

78 தட்டிலும் பெட்டியின் பழைய பாலிஷிலும் இருப்பது அரக்கே. ஸ்பிரிட் தொட்ட துணி இரண்டையும் கரைத்துவிடும். டயல் கண்ணாடியின் பின்பக்கத்தில் அச்சிட்ட ஊர்ப்பெயர்களோ ஈரத்துணிக்கே அழியும்.

இன்றைய நிலை

மலிவான கேசட்டின் படையெடுப்பில் ரேடியோகிராம் வீழ்ந்தது. வானொலி வைத்திருக்கக் கட்டிவந்த உரிமக் கட்டணமும் 1980களில் நீக்கப்பட்டது. ஈ.எல்.84 இன்றும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் தயாராகிறது. வானொலிப் பகுதிக்கான ஈ.சி.எச்.81க்குப் பழைய இருப்பையே தேட வேண்டும்.