கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள்

2023 ஆகஸ்டில் எங்கள் ஆயா இறந்துவிட்டார். அந்த வருடம் எங்கள் வீட்டில் ஸ்டார் கட்டவில்லை. நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இது எழுதாத சட்டம். சாவு விழுந்த வருடம் ஸ்டார் கிடையாது, புதுத்துணி கிடையாது, அக்கம்பக்கத்துக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவதும் கிடையாது. இடையஞ்சாவடியில் எங்கள் தெருவில் ஸ்டார் தொங்குவதே நாலைந்து வீடுகளில்தான். அதில் ஒன்று இருட்டாக இருந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"எல்லாரும் சந்தோஷமா பாடுற இடத்துல நான் போய் என்ன பண்றது? நீ மட்டும் போய்ட்டு வா" என்றார் அம்மா. ஆயா அவரைப் பெற்ற தாய். நான் என்ன சொல்ல முடியும்? வரலாறு படிக்கிறவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பழைய தேதிகளைப் புரட்டுவது. அப்படிப் புரட்டியதில் கிடைத்ததுதான் நண்பர்களே, இந்தக் கட்டுரை.

கிறிஸ்துமஸையும் துக்கத்தையும் சேர்த்து நினைத்தால் நம் கரையில் யாருக்கும் முதலில் வரும் தேதி 26 டிசம்பர் 2004. எங்கள் ஊர் செம்மண் மேட்டில் இருப்பதால் அலை இங்கே ஏறவில்லை. கீழே கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி, மரக்காணம் உப்பளங்கள் வரைக்கும் உள்ள குப்பங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனாலும் பெரிய அடி விழுந்தது தெற்கே. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் 6,000 பேருக்கு மேல் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். வேளாங்கண்ணியும் அந்த மாவட்டம்தான்.

சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 6.29-க்கு. அலை நாகைக் கரைக்கு வந்து சேர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரம் இருந்தும் ஒரு எச்சரிக்கை கூட வரவில்லை, ஏனென்றால் இந்தியாவிடம் சுனாமி எச்சரிக்கை மையமே அன்று இல்லை (ஹைதராபாத்தில் தொடங்கியது 2007-இல்). கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதுவும் ஞாயிறு. வேளாங்கண்ணியில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. பூசை முடித்தவர்களும், கடலில் கால் நனைக்கப் போனவர்களும், கடற்கரைப் பாதையில் கடை போட்டிருந்தவர்களும் வெளியே இருந்தார்கள். தண்ணீர் அவர்களைத்தான் அடித்துக்கொண்டு போனது. பேராலயத்துக்குள் அது நுழையவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம். பேராலயம் தப்பியதைப் புதுமை என்று பலர் சொல்கிறார்கள். புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் நன்றியாகக் கட்டிய கோயில் என்பதுதான் அந்த ஊரின் மரபுக்கதையும். ஆகவே அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. உள்ளே இருந்து பிழைத்தவர் சொன்னால் நான் மறுபேச்சு பேச மாட்டேன். ஆனால் மணலில் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் இதைச் சொல்ல முடியுமா?

இன்னொரு கோயிலையும் நினைத்துப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு, கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள் இருக்கும்போது, தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களையும் கடல் எடுத்துக்கொண்டது. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. அங்கே கூரையில்லாமல் நிற்கும் சுவர்களை நீங்களும் படத்தில் பார்த்திருப்பீர்கள், அது கிறிஸ்தவக் கோயில். அந்த ஊர்க்காரர்களும் அந்த வாரம் குடில் கட்டத்தான் நினைத்திருப்பார்கள். நின்ற கோயிலைக் காட்டி நம்பிக்கையை நிறுவினால், இடிந்த கோயிலைக் காட்டி ஒருவர் அதை மறுக்கலாம்.

அப்படியென்றால் ஆறுதல் எங்கே? எனக்கு அது கிடைத்தது எதிர்பாராத ஓரிடத்தில்: திருவழிபாட்டு நாட்காட்டியில்!

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26, புனித ஸ்தேவான் விழா. கல்லால் அடித்துக் கொல்லப்பட்ட முதல் வேதசாட்சி. (நம் ஊர்களில் முடியப்பன் என்று பெயர் வைப்பது இவரை நினைத்துத்தான். ஸ்தேபனோஸ் என்றால் கிரேக்கத்தில் முடி, கிரீடம்.) டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் விழா, அதாவது ஏரோது மன்னன் கொல்லச் சொன்ன பெத்லகேம் குழந்தைகள். பிறப்பு விழாவின் பந்தல் பிரிக்கும் முன்பே இரண்டு சாவு. பின்னால் யாரோ சேர்த்ததல்ல இது, ஏறக்குறைய நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளிலிருந்தே இருக்கிறது. ஏரோதின் கொலையை அக்கால வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் குறிப்பிடவில்லை, அதனால் நடந்ததா என்று ஐயப்படும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு இங்கே முக்கியம் வேறு: கிறிஸ்துமஸ் வாரத்திலேயே பிள்ளையை இழந்த தாய்மாருக்கு ஒரு நாளைத் திருச்சபை ஒதுக்கி வைத்திருக்கிறது.

2004-இல் டிசம்பர் 26 ஞாயிறு என்பதால் அன்று ஸ்தேவானுக்குப் பதில் திருக்குடும்ப விழா. அந்த ஆண்டுக்குரிய நற்செய்தி மத்தேயு இரண்டாம் அதிகாரம்: குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிப்போகச் சொல்லி வானதூதர் யோசேப்பை எழுப்பும் பகுதி. அலை வந்த காலையில் உலகம் முழுக்கக் கத்தோலிக்கக் கோயில்களில் இதைத்தான் வாசித்தார்கள். எழுந்து ஓடு என்ற வாசகம்... இதை முதலில் கவனித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த ஞாயிறு வாசகம் 16 முதல் 18 வரை உள்ள வசனங்களைத் தாண்டிப் போய்விடும். குழந்தைகள் கொல்லப்படுவதும், இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் வேண்டாம் என்று மறுப்பதும் அந்த மூன்று வசனங்களில்தான் இருக்கின்றன. அவை 28-ஆம் தேதிக்குரியவை. கடலோரம் முழுக்கக் குழி தோண்டிக் கூட்டம் கூட்டமாகப் புதைத்துக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமை அது.

இராகேலின் அழுகை எரேமியாவிடமிருந்து எடுத்தது. எரேமியா அடுத்த வரியிலேயே அழாதே, பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று தேற்றுகிறார். மத்தேயு அந்த வரியை எடுக்கவில்லை. அழுகையோடு நிறுத்திவிட்டார். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவசரமாகத் தேற்றாமல் விட்டதுதான் எனக்கு அவர்மேல் மதிப்பைக் கூட்டுகிறது. எகிப்துக்குத் தப்பிய அந்தக் குழந்தையும் கடைசிவரை தப்பவில்லை, வளர்ந்து சிலுவையில் செத்தது. தன் தாயையும் அழவைத்த கடவுள் என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கையின் விசித்திரம். உயிர்ப்பு என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் வருகிறது.

வேறு ஊரார் இதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு ஒரு சான்று. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் குண்டு போட்டன. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பேராலயம் எரிந்து வெறும் சுவரானது. ஆறு வாரத்தில் கிறிஸ்துமஸ். அந்தச் சுவர்களுக்குள்ளிருந்து பிபிசி வானொலி ஒலிபரப்பியது. பாடகர்கள் பாடியது துள்ளலான பாட்டு அல்ல, அதே ஊரின் பழைய நாடகத்தில் வரும் தாலாட்டு. ஏரோதின் ஆட்கள் வருமுன் பெத்லகேம் தாய்மார் பாடுவது. அதே ஒலிபரப்பில் பேராலயத் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்ட், பழிவாங்கும் எண்ணத்தைத் துரத்த முயல்கிறோம் என்று பேசினார்.

வேளாங்கண்ணியில் ஒவ்வொரு டிசம்பர் 26-ம் அமைதி ஊர்வலமாகச் சுனாமி நினைவிடத்துக்குப் போகிறார்கள். பல மதத்தாரும் சேர்ந்து பிரார்த்தனை செய்கிறார்கள். பேராலயத்தில் குடிலும் விளக்குகளும் அப்படியே இருக்கும். யாரும் அவற்றை அவிழ்த்து வைப்பதில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் துண்டு துண்டாகச் சொன்னேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, "அப்படியா" என்றார். 25-ஆம் தேதி அவர் கோயிலுக்கு வரவில்லை. 28 வியாழக்கிழமை விடிகாலை, எனக்கு முன்னால் எழுந்து, சாதாரணப் புடவையில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"கெளம்புடா, பூசைக்கு நேரமாவுது."