கைமுக்கும் மீன்பையும்

சுசீந்திரம் என்ற பெயரிலேயே ‘சுசி’ இருக்கிறது. இந்திரன் பாவம் நீங்கிச் சுத்தமான தலம் என்பது புராணம். இந்தத் தூய்மைக் கதையாடலுக்கு ஒரு குரூரமான சடங்கும் இருந்தது: கைமுக்கு. ஒழுக்கம் தவறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நம்பூதிரி, கோயிலில் கொதிக்கிற நெய்யில் கையை விடவேண்டும். வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் சுத்தன். 1829இல் ஆட்சிப்பொறுப்பேற்ற சுவாதித் திருநாள் இதை நிறுத்தினார். எரித்துத்தான் சுத்தம் பண்ண முடியும் என்கிற மனசு மட்டும் பாத்திரம் மாறி நீடிக்கிறது என்று நினைக்கிறேன்.

வண்ண மீன் வருகிற பாலிதீன் பையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இந்த வியாபாரத்துக்குப் பேர்போன இடம் சென்னை கொளத்தூர். பையில் கொஞ்சம் தண்ணீர், மிச்சம் ஆக்சிஜன். வழியில் மீன் சாகாமலிருக்க அந்தத் தண்ணீரிலேயே ஆண்டிபயாட்டிக் கலப்பது உலகளவில் இந்தத் தொழிலின் வழக்கம். நோய் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

இங்கே கைமுக்கு தலைகீழாகிறது. பலவீனமான கிருமி சாகும். தாங்கிய கிருமி தேறி வெளியே வந்து பெருகும். கொல்லப் போதாத அளவு மருந்து கிருமியைப் பழக்கிவிடும் என்று பென்சிலினைக் கண்ட பிளெமிங்கே 1945இல் நோபல் உரையில் எச்சரித்தார். 2009இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது: வெப்பமண்டல வண்ண மீன்களிலும் அவை வந்த தண்ணீரிலும் எடுத்த 94 ஏரோமோனாஸ் கிருமிகளில் 47, பதினைந்துக்கும் குறையாத மருந்துகளைத் தாங்கின. ஏரோமோனாஸ் காயம் வழியாக மனிதரையும் தொற்றும்.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இலும் 1930இலும் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. மனிதர் வகுத்த இந்தத் தீட்டுக்கோடு கிருமிக்குக் கிடையாது. மருந்தைத் தாங்கும் மரபணுவை ஒரு இனக் கிருமி வேறு இனக் கிருமிக்குக் கைமாற்றுகிறது. 1950களின் இறுதியில் வயிற்றுக்கடுப்புக் கிருமிகளை ஆராய்ந்த ஜப்பானியர் இதைக் கண்டார்கள். மீனின் கிருமி பெற்றது நாளை ஆஸ்பத்திரிக் கிருமிக்கும் போகலாம்.

2000களின் தொடக்கத்தில் மருந்து எச்சம் இருந்ததென்று இந்திய இறாலை ஐரோப்பா திருப்பியனுப்பியது. அதன் பிறகு இங்கும் கெடுபிடி வந்தது. வண்ண மீனை யாரும் தின்பதில்லை. ஆகவே அந்தக் கண்டிப்பு அதற்கு எட்டவில்லை. தட்டுக்கு வருவதை மட்டும் பார்க்கும் அதிகாரத்துக்குப் பை தெரிவதில்லை. மீன் தொட்டிக்குப் போனபின் பைத்தண்ணீர் ஓடையில் கொட்டப்படுகிறது. கடையில் கேட்டால், “வெள்ளம் நல்ல சுத்தமாக்கும் சார்” என்பார்கள். கண்ணாடிபோலத்தான் இருக்கும். எதைப் போட்டு இவ்வளவு சுத்தமாச்சு என்பதுதான் நாம் அடுத்துக் கேட்கவேண்டியது.